லூப்: ஒரே ஒரு கேபிள் மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைக்கிறது எப்படி

திங்கக்கிழமை காலைல பத்தரை மணிக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து போன். லேப் இன்சார்ஜா இருக்குற அண்ணன்தான் பேசினாரு, "தம்பி, லேப்ல நெட் சுத்தமா வரல, இப்ப ஆபீஸ் ரூம்லயும் போயிடுச்சு, லைப்ரரிலயும் இல்லையாம், பிராக்டிகல் எக்ஸாம் வேற நடக்குது, சீக்கிரம் வாப்பா"ன்னாரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவரு ஃபயர்வாலை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டாரு, இன்டர்நெட் குடுக்குறவங்களுக்குப் போன் போட்டுட்டாரு, ஒரு சுவிட்சைக் கழட்டிட்டு ஸ்டோர்ல இருந்த இன்னொரு சுவிட்சையும் மாட்டிப் பாத்துட்டாரு, எதுக்கும் மசியல. ரேக் கதவைத் திறந்ததும் எனக்குப் பாதி புரிஞ்சிடுச்சு. 24 போர்ட் லைட்டும் ஒண்ணு கூட பிசகாம ஒரே தாளத்துல படபடபடன்னு துடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சாதாரணமா ஒவ்வொரு லைட்டும் அதது இஷ்டத்துக்குத்தான் மினுக்கும், இந்தப் பிசில ஒருத்தர் ஏதோ டவுன்லோட் பண்ணுவாரு, அந்தப் பிசி சும்மா கிடக்கும். எல்லாம் சேந்து ஒரே மாதிரி துடிச்சா அது லூப்புங்கறதுக்கு, அதாவது கேபிள் எங்கயோ வளையமா சுத்தி திரும்ப அதே இடத்துக்கே வந்து சேருதுங்கறதுக்கு, முதல் சாட்சி.

காரணம் என்னன்னா, முந்தின நாள் லேப்பைச் சுத்தம் பண்ணும்போது மேஜைக்கு அடியில ஒரு நெட்வொர்க் கேபிளோட ஒரு முனை தொங்கிக்கிட்டு இருந்துருக்கு, இன்னொரு முனை ஏற்கனவே சுவத்துல ஒரு சாக்கெட்ல இருந்துருக்கு, கழண்டு விழுந்துடுச்சு போலன்னு நெனச்சு ஒருத்தர் நல்ல மனசோட அதைப் பக்கத்து சாக்கெட்ல சொருகிட்டுப் போயிருக்காரு. அவ்ளோதான். 2 மீட்டர் கேபிள். அதுல மூணு பிளாக் நெட்வொர்க் போச்சு.

இதைப் பத்தி இப்பதான் நெட்வொர்க்கிங் கத்துக்க ஆரம்பிச்சிருக்குறவங்களுக்காக எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. ஏன்னா புத்தகத்துல ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு பாடம் வரும், டைமரையும் போர்ட் ஸ்டேட்டையும் மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிடுவோம், ஆனா ரேக் முன்னாடி நிக்கும்போது எங்க கை வைக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல.

சுவிட்ச் எப்படி யோசிக்குது

லூப் புரியணும்னா முதல்ல சுவிட்ச் புரியணும். சுவிட்சுக்கு ரெண்டே வேலைதான். ஒரு ஃப்ரேம் (டேட்டாவைக் கட்டி அனுப்புற பொட்டலம்) உள்ள வந்தா அதை அனுப்புனது யாருன்னு சோர்ஸ் மேக் அட்ரஸை, அதாவது அனுப்புன கருவியோட அடையாள எண்ணைப் பாக்கும், "இந்த ஆள் 3-வது போர்ட் பக்கம் இருக்காரு"ன்னு தன்னோட மேக் டேபிள்ல எழுதி வெச்சுக்கும். அப்புறம் அந்த ஃப்ரேம் யாருக்குப் போகணும்னு டெஸ்டினேஷனைப் பாக்கும், டேபிள்ல இருந்தா அந்த ஒரு போர்ட்ல மட்டும் அனுப்பும், இல்லன்னா வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லாப் போர்ட்லயும் அனுப்பிடும். இந்த ரெண்டாவதுக்குப் பேரு ஃப்ளட்டிங். டேபிள்ல எழுதினதும் நிரந்தரம் இல்ல, அந்த ஆள்கிட்ட இருந்து சத்தமே வரலன்னா பெரும்பாலான சுவிட்ச்ல 300 செகண்ட்ல அழிச்சிடும்.

பிராட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, டெஸ்டினேஷன்ல எல்லாமே எஃப் போட்ட அட்ரஸ். அது தண்டோரா மாதிரி, எல்லாருக்கும் போகணும், அதனால சுவிட்ச் அதை எப்பவுமே ஃப்ளட் பண்ணும். உங்க பிசி பக்கத்துப் பிசிகிட்ட பேசணும்னா முதல்ல "192.168.1.20 யாருப்பா, உன் மேக் அட்ரஸ் சொல்லு"ன்னு ஆர்ப் மூலமா தண்டோரா போடும். ஐபி அட்ரஸ் கேக்குற டிஹெச்சிபியும் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஒரு சாதாரண ஆபீஸ்ல நீங்க ஒண்ணுமே செய்யாம உக்காந்திருந்தாலும் நிமிஷத்துக்கு நிறைய பிராட்காஸ்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

இப்ப அந்த லேப் கேபிளுக்கு வருவோம். ரெண்டு முனையும் ஒரே சுவிட்சோட 14, 15-வது போர்ட்டுக்குப் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 3-வது போர்ட்ல இருக்குற பிசி ஒரே ஒரு ஆர்ப் கேள்வி கேக்குது. சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்லயும் அனுப்புது, 14, 15 உட்பட. 14-ல வெளிய போனது கேபிள் வழியா 15-ல உள்ள வருது, 15-ல வெளிய போனது 14-ல உள்ள வருது. சுவிட்சுக்கு இது தான் அனுப்புனதுதான்னு தெரியாது, புதுசா ஒரு பிராட்காஸ்ட் வந்திருக்குன்னு நெனச்சு மறுபடி எல்லாப் போர்ட்லயும் அனுப்புது, அது மறுபடி சுத்தி வருது. ரெண்டு காப்பி, ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படின்னு எதிரெதிர் திசையில நிக்காம சுத்துது, ஒவ்வொரு சுத்துலயும் லேப்ல இருக்குற எல்லாப் பிசிக்கும் ஒரு காப்பி கொட்டுது. கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி கொண்டு போனா கூய்ங்னு கத்தும்ல, அதே சங்கதிதான், வெளிய போன சத்தம் திரும்ப உள்ள வந்து மறுபடி வெளிய போகுது.

நிறைய இடத்துல "லூப் வந்தா ஃப்ரேம் ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும்"னு எழுதியிருப்பாங்க. அது எல்லா லூப்புக்கும் உண்மை இல்ல. மேல சொன்ன மாதிரி ஒரு வளையம் மட்டும் இருந்தா காப்பி பெருகாது, ஆனா சாகவும் சாகாது, புதுசா வர்ற ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் அந்தக் கூட்டத்துல ரெண்டு பேரா சேந்துக்கும், வெளியேற யாருக்கும் வழி இல்ல, அதனால கொஞ்ச நேரத்துல கேபிள் ரொம்பிடும். ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல மூணு கேபிள் போட்டிருந்தாதான் ஒரு கேபிள்ல வந்தது மத்த ரெண்டுலயும் போய் நிஜமாவே இரட்டிப்பாகும், அப்ப கண் மூடித் திறக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். எப்படியோ முடிவு ஒண்ணுதான். ஒரு ஜிகாபிட் கேபிள்ல 64 பைட் சின்ன ஃப்ரேம் செகண்டுக்கு அதிகபட்சம் 14,88,095 போக முடியும், லூப் அந்த எல்லை வரைக்கும் நிரப்பப் பாக்கும். பிராட்காஸ்ட்டுங்கறதால ஒவ்வொரு பிசியும் அதை எடுத்துப் பிரிச்சுப் பாத்தே ஆகணும், அதான் லூப் வந்தா நெட் மட்டும் இல்லாம பிசியே திக்கித் திணறுது.

இன்னொரு சேதமும் நடக்குது, அது கண்ணுக்குத் தெரியாது. சுத்துற ஃப்ரேம்ல சோர்ஸ் மேக் அந்த 3-வது போர்ட் பிசியோடதுதான். அது 14-ல உள்ள வரும்போது சுவிட்ச் "ஓ, இந்த ஆள் 14-க்கு மாறிட்டாரு போல"ன்னு எழுதும், அடுத்த கணம் 15-ன்னு எழுதும், பிசி நிஜமா பேசினா 3-ன்னு எழுதும். இதுக்குப் பேரு மேக் ஃப்ளாப்பிங். இதனால அந்தப் பிசிக்கு வரவேண்டிய ஒழுங்கான டேட்டாவும் 14-க்கும் 15-க்கும் போய்த் தொலைஞ்சிடுது. தண்டோரா கூட்டம் ஒரு பக்கம் ரோட்டை அடைக்குது, இன்னொரு பக்கம் வீட்டு விலாசமே தப்புத் தப்பா மாறிக்கிட்டு இருக்கு.

சரி, ரவுட்டர்ல இந்த மாதிரி சுத்தினா என்ன ஆகும்? ஐபி பாக்கெட்ல டிடிஎல்னு ஒரு எண் இருக்கு, அதிகபட்சம் 255, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையும், பூஜ்யம் ஆனா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதுக்கு ஆயுசுன்னு ஒண்ணு எழுதியிருக்கு. ஈதர்நெட் ஃப்ரேம்ல அது கிடையாது. டெஸ்டினேஷன் மேக், சோர்ஸ் மேக், உள்ள என்ன வகை டேட்டாங்கற குறிப்பு, டேட்டா, கடைசில பிழை பாக்குற நாலு பைட், அவ்ளோதான். எத்தன சுவிட்சைத் தாண்டி வந்தேன்னு எழுதிக்க அதுல இடமே இல்ல. எல்லாப் பிரச்சனைக்கும் ஆணிவேர் இந்த ஒரு விஷயம்தான், இது மனசுல பதிஞ்சிட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும்.

அப்ப ரெண்டாவது கேபிளே போடக் கூடாதா

போடணும். அதுதான் சிக்கல். ரெண்டு பிளாக்குக்கு நடுவுல ஒரே ஒரு ஃபைபர் இருந்து அதை ஜேசிபி அறுத்துட்டா ஒரு பிளாக்கே இருட்டாயிடும், அதனால இன்னொரு வழி வேணும். ஆனா இன்னொரு வழி போட்டா வளையம் ஆயிடும். இந்த முடிச்சை 1985-ல அவுத்தவங்க ரேடியா பெர்ல்மன், அப்ப டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன்ல வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க சொன்ன வழி என்னன்னா, கேபிள் எல்லாம் இருந்துட்டுப் போகட்டும், சுவிட்சுங்க தங்களுக்குள்ள பேசி வளையமே இல்லாத ஒரு மரமா தங்களை வரைஞ்சுக்கட்டும், மிச்சக் கேபிளை அடைச்சு வெச்சுக்கிட்டு தேவைப்பட்டா மட்டும் திறக்கட்டும். அதுதான் ஸ்பானிங் ட்ரீ புரோட்டோகால், சுருக்கமா எஸ்டிபி. 1990-ல ஐஇஇஇ 802.1டி-ன்னு ஸ்டாண்டர்ட் ஆச்சு.

வேலை செய்யுற விதம் எளிமைதான். எல்லா சுவிட்சும் 2 செகண்டுக்கு ஒரு தடவை பிபிடியுன்னு ஒரு சின்ன செய்தி அனுப்பிக்கும். முதல்ல யாரு தலைவர்னு முடிவு பண்ணுவாங்க, அவருக்குப் பேரு ரூட் பிரிட்ஜ். யாருக்கு பிரிட்ஜ் ஐடி சின்னதோ அவருதான் ரூட். ஐடின்னா முன்னாடி ஒரு பிரையாரிட்டி எண், பின்னாடி மேக் அட்ரஸ். அப்புறம் மத்த ஒவ்வொரு சுவிட்சும் ரூட்டுக்குப் போக எந்த வழி சுருக்கம்னு கணக்குப் போடும், வேகமான லிங்க்குக்கு செலவு கம்மி (பழைய கணக்குல 100 எம்பிபிஎஸ்க்கு 19, ஜிகாபிட்டுக்கு 4), அந்த வழியை வெச்சுக்கிட்டு வளையம் உண்டாக்குற மிச்ச போர்ட்டை பிளாக் பண்ணிடும். பிளாக் ஆன போர்ட் செத்துப் போகல, பிபிடியு வருதான்னு காது குடுத்துக்கிட்டே இருக்கும், நல்ல வழி அறுந்துடுச்சுன்னு தெரிஞ்சா திறந்துக்கும்.

இதுல நிறைய பேரு கோட்டை விடுற இடம் ரூட். எல்லா சுவிட்சும் பிரையாரிட்டி 32768-ன்னுதான் கடையில இருந்து வரும், யாரும் மாத்தலன்னா சின்ன மேக் அட்ரஸ் யாருக்கோ அவரு ஜெயிப்பாரு, ஒரே கம்பெனி சரக்குல பெரும்பாலும் பழைய சுவிட்சுக்குத்தான் சின்ன மேக் இருக்கும். ஆக எங்கயோ மாடிப்படிக்கு அடியில கிடக்குற வயசான சுவிட்ச் ஊருக்கே தலைவர் ஆகி, நீங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி வாங்குன கோர் சுவிட்சோட வேகமான லிங்க் பிளாக் ஆகி நிக்கும். அதனால நடு சுவிட்சுக்கு 4096, அதுக்கு மாத்து சுவிட்சுக்கு 8192-ன்னு நீங்களே கைப்பட எழுதிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

பழைய எஸ்டிபிக்கு ஒரு குறை, ரொம்ப நிதானம். ஒரு போர்ட் உயிர் வந்தா லிஸனிங்ல 15 செகண்ட், லேர்னிங்ல 15 செகண்ட், ஆக 30 செகண்ட் கழிச்சுதான் டேட்டா போகும், சில சமயம் பழைய தகவல் காலாவதி ஆகவே 20 செகண்ட் ஆகி மொத்தம் 50 ஆயிடும். 2001-ல 802.1டபிள்யூன்னு ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீ வந்துச்சு, அதுல இது பெரும்பாலும் ஓரிரு செகண்ட்ல முடிஞ்சிடும். இன்னிக்கு வாங்குற எந்த மேனேஜ்ட் சுவிட்ச்லயும் (உள்ள லாகின் பண்ணி செட்டிங் மாத்த முடியுற சுவிட்ச்) ரேப்பிட் இருக்கும், பழசை ஓட்டிக்கிட்டு இருக்க காரணமே இல்ல.

அந்தக் காலேஜ்லயும் மேனேஜ்ட் சுவிட்ச்தான், எஸ்டிபியும் இருந்துச்சு. ஆனா முன்னாடி எப்பவோ யாரோ அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க. ஏன்னு விசாரிச்சா, பிசி ஆன் பண்ணா 30 செகண்ட் ஐபி வரலையாம், எஸ்டிபியை எடுத்ததும் உடனே வந்துச்சாம். இது ரொம்ப ரொம்பப் பொதுவான தப்பு, தயவுசெஞ்சு செய்யாதீங்க. பிசி மாட்டுற போர்ட்டுக்கு போர்ட்ஃபாஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, சில கம்பெனி எட்ஜ் போர்ட்னு சொல்லுவாங்க, அதைப் போட்டா அந்த 30 செகண்ட் காத்திருப்பு இல்லாம போர்ட் உடனே திறந்துடும், எஸ்டிபியும் உயிரோட இருக்கும்.

எஸ்டிபி இருந்தாலே போதும்னும் நெனச்சிடக் கூடாது. 2002 நவம்பர் 13, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மெடிக்கல் சென்டர்னு பெரிய ஆஸ்பத்திரி, அங்க நெட்வொர்க் படுத்து ஏறக்குறைய நாலு நாள் எழுந்திரிக்கல. டாக்டரும் நர்ஸும் பேப்பருக்குத் திரும்பினாங்க, லேப் ரிசல்ட்டைக் கைல எடுத்துக்கிட்டு ஆளுங்க ஓடினாங்க. 1996-ல ரெண்டு ஆஸ்பத்திரி ஒண்ணா சேந்தது அது, நெட்வொர்க்கும் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டுப் போட்டு வளந்துச்சு, ஒரு சுவிட்சுக்குப் பின்னாடி இன்னொண்ணுன்னு. எஸ்டிபியோட வழக்கமான டைமர் எல்லாம் ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்கு 7 சுவிட்ச் தூரம்னு கணக்கு வெச்சுப் போட்டது, அங்க அதைத் தாண்டிப் போயிருந்துச்சு. சுமை ஏறினதும் மரம் உடைஞ்சு வளையம் ஆயிடுச்சு, அதைப் பூட்டி நிறுத்தப் பாக்கப் பாக்க மறுபடி மறுபடி உடைஞ்சுச்சு. அங்க சிஐஓவா, அதாவது கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவரா இருந்த ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்காம வெளிய விளக்கமா சொன்னாரு, அதனாலதான் உலகம் முழுக்க நெட்வொர்க் ஆளுங்க இன்னிக்கும் அதைப் படிக்கிறாங்க. அந்த மாதிரி வெளிப்படையா பேசுறவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை.

லூப்பைப் பிடிக்கிறது

முதல்ல இது லூப்தானான்னு உறுதி பண்ணிக்கணும். லைட் ஒரே தாளத்துல துடிக்குதா பாருங்க. பிங் அடிச்சா ஒரு தடவை 1 மில்லிசெகண்ட், அடுத்தது 900, அடுத்தது டைம் அவுட்னு தாறுமாறா வருதா பாருங்க. புதுசா ஆன் பண்ற பிசி 169.254-ல ஆரம்பிக்குற ஐபி எடுத்துக்கிட்டா டிஹெச்சிபி கிட்ட அது போய்ச் சேரலன்னு அர்த்தம். சுவிட்ச் சிபியூ 90 சதவீதத்துக்கு மேல ஏறியிருக்கும், பல சமயம் சுவிட்ச்ல லாகின் கூட பண்ண முடியாது, ஏன்னா நீங்க போற வழியும் அதே ரோடுதானே. அதனால நெட்வொர்க் வழியா போகாம சுவிட்ச்ல நேரடியா மாட்டி உள்ள நுழையுற கன்சோல் கேபிள் ஒண்ணு எப்பவும் பையில இருக்கணும். லாக்ல "இந்த மேக் இந்த போர்ட்டுக்கும் அந்த போர்ட்டுக்கும் நடுவுல ஃப்ளாப் ஆகுது"ன்னு வரி வரியா ஓடினா சந்தேகமே வேண்டாம், அதுலயே எந்த ரெண்டு போர்ட்டுன்னும் எழுதியிருக்கும், பாதி வேலை முடிஞ்சுது.

வைரஸா லூப்பான்னு குழப்பம் வந்தா ஒரு லேப்டாப்பை மாட்டி வயர்ஷார்க் (கேபிள்ல ஓடுற பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) ஓட விடுங்க, அஞ்சு செகண்ட் போதும், அதுக்கு மேல விட்டா லேப்டாப் தாங்காது. ஒரே ஆர்ப் கேள்வி ஆயிரக்கணக்குல வரும். அதுல ஏதாவது ஒரு ஐபி பிராட்காஸ்ட்டைத் தேடி எடுத்து ஐடென்டிஃபிகேஷன்னு ஒரு எண் இருக்கும் அதைப் பாருங்க. ஒரு பிசி நிஜமாவே விடாம அனுப்பிக்கிட்டு இருந்தா பெரும்பாலும் ஒவ்வொரு பாக்கெட்லயும் அந்த எண் மாறும். எல்லாத்துலயும் அதே எண் இருந்தா அது ஒரே பாக்கெட் சுத்தி சுத்தி வர்றதுதான். அப்படியே டிடிஎல்லையும் பாத்துடுங்க. அதே பாக்கெட் வரும்போது டிடிஎல் மாறாம இருந்தா சுவிட்ச் லூப், ஒண்ணொண்ணா குறைஞ்சுக்கிட்டே வந்தா அது ரவுட்டிங் லூப், அது வேற வியாதி, வேற வைத்தியம். இந்த ரெண்டு எண்ணைப் பாக்கத் தெரிஞ்சா எத்தனையோ மணி நேரம் மிச்சம்.

இப்ப இடத்தைக் கண்டுபிடிக்கணும். சுவிட்ச்ல உள்ள நுழைய முடிஞ்சா ஒவ்வொரு போர்ட்லயும் எவ்ளோ பிராட்காஸ்ட் உள்ள வருதுன்னு பாருங்க, வெளிய போறதைப் பாக்காதீங்க. வெளிய போறது எல்லாப் போர்ட்லயும் அதிகமாத்தான் இருக்கும், தண்டோரா எல்லாருக்கும் போகுது இல்லையா. ஆனா சும்மா இருக்குற பிசி போர்ட்ல உள்ள வர்றது சொற்பம். எந்தப் போர்ட்ல உள்ளயும் கொட்டுதோ அந்தத் திசையிலதான் லூப். அது இன்னொரு சுவிட்சுக்குப் போற அப்லிங்க்னா அந்த சுவிட்சுக்குப் போங்க, அங்கயும் இதையே பாருங்க, இப்படியே ஒவ்வொண்ணா போனா கடைசி போர்ட்டுக்குக் கொண்டு போய் விட்டுடும்.

உள்ள நுழைய முடியலன்னா கைதான். அன்னிக்கு நான் செஞ்சது அதுதான். நடு சுவிட்ச் முன்னாடி நின்னு அப்லிங்க்கை ஒண்ணொண்ணா பிடுங்கினேன், லைப்ரரி, மாறல, திரும்ப மாட்டினேன், ஆபீஸ், மாறல, ரெண்டாவது லேப் கேபிளைப் பிடுங்கின அந்த நொடியே மத்த லைட் எல்லாம் அமைதியாச்சு, ஆபீஸ்ல இருந்து "நெட் வந்துடுச்சு"ன்னு குரல். அந்தக் கேபிளை அப்படியே வெளிய விட்டுட்டு ரெண்டாவது லேப்புக்குப் போனேன். பரீட்சை எழுதுற பசங்களுக்கு மொதல்ல வழி பண்ணிட்டு அப்புறம் காரணம் தேடலாம், அந்த வரிசை முக்கியம். லேப் சுவிட்ச்ல 24 கேபிள்ல முதல் 12-ஐ எடுத்தேன், துடிப்பு நிக்கல. அதை மாட்டிட்டு அடுத்த 12-ஐ எடுத்தேன், நின்னுச்சு. அப்புறம் அந்த 12-ஐயும் ஒண்ணொண்ணா மாட்டிக்கிட்டே வந்தேன், 13, 14 சும்மா இருந்துச்சு, 15-ஐ மாட்டின உடனே மறுபடி பேயாட்டம். லூப்புக்கு ரெண்டு முனை இருக்கு, எந்த முனையை எடுத்தாலும் அடங்கும், அதனால மாட்டும்போது ரெண்டாவது முனை உள்ள போற வரைக்கும் அது வாயைத் திறக்காது. 15-ல ஒட்டியிருந்த லேபிளைப் பிடிச்சுக்கிட்டு சுவர் சாக்கெட்டுக்குப் போனா மேஜைக்கு அடியில நீலக் கலர் கேபிள், ரெண்டு பக்கமும் சுவத்துக்குள்ள. லேபிள் மட்டும் ஒட்டாம இருந்திருந்தா 60 சாக்கெட்டையும் தவழ்ந்து பாத்திருக்கணும்.

ஒரு விஷயம், லூப் சந்தேகம் இருக்கும்போது எல்லா சுவிட்சையும் ரீபூட் பண்ணாதீங்க. ஏறி வர்ற கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும், சரியாயிடுச்சுன்னு நெனப்பீங்க, முதல் ஆர்ப் வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும், அதோட லாக்கும் அழிஞ்சு போயிருக்கும்.

சுவர் சாக்கெட்டை மட்டும் தேடினாலும் போதாது. மேஜை மேல வெக்கிற ஐபி போனுக்குப் பின்னாடி ரெண்டு போர்ட் இருக்கும், ஒண்ணு சுவத்துக்கு, ஒண்ணு பிசிக்கு, ரெண்டையும் சுவத்துல சொருகினா போனே ஒரு லூப். மெஷ் வைஃபை பெட்டியை வைஃபைலயும் இணைச்சு கேபிள்லயும் இணைச்சா சில மாடல்ல லூப். லேப்டாப்ல வைஃபையையும் லேனையும் யாராவது பிரிட்ஜ் பண்ணி வெச்சா லூப். வேகம் ரெண்டு மடங்காகட்டும்னு ரெண்டு சுவிட்சுக்கு நடுவுல ரெண்டு கேபிள் போட்டுட்டு அதை ஒண்ணா கட்டாம விடுறது இன்னொண்ணு, அதைக் கட்டும்போதும் எல்ஏசிபி (பல கேபிளை ஒரே லிங்க்கா சேக்குற புரோட்டோகால்) வெச்சுக் கட்டுங்க, ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கிட்டாதான் சேரும். ஒரு பக்கம் மட்டும் கட்டாயமா ஆன் பண்ணி வெச்சா வேலிக்கு வெச்ச முள்ளே காலைக் குத்தும்.

வராம பாத்துக்கிறது

ரேப்பிட் ஸ்பானிங் ட்ரீயை எல்லா சுவிட்ச்லயும் ஆன்ல வைங்க, ரூட்டை நீங்களே நியமிங்க, இது அடித்தளம். அடுத்தது பிசி, பிரிண்டர், போன் மாட்டுற எல்லாப் போர்ட்லயும் போர்ட்ஃபாஸ்ட்டோட சேத்து பிபிடியு கார்ட் போடுங்க. இதைத்தான் நான் ரொம்ப நம்புறேன். பிசி பிபிடியு பேசாது. ஒரு பிசி போர்ட்ல பிபிடியு உள்ள வருதுன்னா ஒண்ணு அங்க யாரோ சுவிட்ச் மாட்டியிருக்காங்க, இல்ல நம்ம சுவிட்ச் அனுப்புனதே சுத்தி வந்திருக்கு. ரெண்டுமே ஆபத்து, அதனால கார்ட் அந்தப் போர்ட்டை உடனே மூடிடும். ஊரே படுக்குறதுக்குப் பதிலா ஒரு சாக்கெட் மட்டும் படுக்கும்.

பிபிடியு ஃபில்டர்னு பேரு கிட்டத்தட்ட ஒண்ணு போலவே இன்னொரு செட்டிங் இருக்கு, கவனம். ஒரு போர்ட்ல அதைப் போட்டா பிபிடியு அனுப்பவும் செய்யாது வாங்கவும் செய்யாது, அதாவது அந்தப் போர்ட்ல எஸ்டிபி இல்லாத மாதிரிதான். கார்ட்னு நெனச்சு ஃபில்டரைப் போட்டவங்களை நான் பாத்திருக்கேன்.

அடுத்த தலைவலி அந்த 5 போர்ட், 8 போர்ட் சின்ன சுவிட்ச், கடையில சுலபமா கிடைக்குறது, மேஜைக்கு மேஜை ஒண்ணு இருக்கும். அதுக்கு எஸ்டிபி தெரியாது. அதுல யாராவது ஒரு கேபிளோட ரெண்டு முனையையும் சொருகினா, அந்தப் பெட்டி பிபிடியுவை அப்படியே கடத்திவிடுற ரகமா இருந்தா நம்ம பிபிடியு திரும்பி வந்து கார்ட் வேலை செஞ்சிடும். சில பெட்டி பிபிடியுவை முழுங்கிடும், ஆனா பிராட்காஸ்ட்டைச் சுத்த விடும், அப்ப எஸ்டிபிக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்குத்தான் லூப் டிடெக்‌ஷன்னு பல கம்பெனி குடுக்குறாங்க, சுவிட்ச் தன்னோட அடையாளம் போட்ட ஒரு ஃப்ரேமை அப்பப்ப அனுப்பும், அதே ஃப்ரேம் திரும்பி வந்தா போர்ட்டை மூடும். அதையும் போடுங்க. கூடவே ஸ்டார்ம் கண்ட்ரோல், ஒரு போர்ட்ல பிராட்காஸ்ட் இவ்ளோக்கு மேல வந்தா வெட்டிடுன்னு. இது நோயைக் குணப்படுத்தாது, காய்ச்சலை மட்டும் இறக்கும், ஆனா அந்த நேரத்துல சுவிட்ச்ல லாகின் பண்ணி மேற்கொண்டு தேட உங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஃபைபர் லிங்க் இருக்குறவங்களுக்கு ஒண்ணு. ஃபைபர்ல போக ஒரு இழை, வர ஒரு இழை. வர்ற இழை மட்டும் பழுதானா பிளாக் ஆகி காது குடுத்துக்கிட்டு இருந்த போர்ட்டுக்கு பிபிடியு கேக்காது, அந்தப் பக்கம் யாரும் இல்ல போலன்னு நெனச்சு திறந்துக்கும், அப்ப லூப். லூப் கார்ட் போட்டிருந்தா "பிபிடியு திடீர்னு நின்னா திறக்காதே, அப்படியே நில்லு"ன்னு தடுக்கும்.

மூடின போர்ட் தானா திறக்க ரெக்கவரி டைமர் வெக்கலாம், சிஸ்கோல அதை ஆன் பண்ணா வழக்கமா 300 செகண்ட். நான் அந்த லேப்ல வெக்கல. மூடினா ஆளு வந்து பாக்கணும், பாத்துட்டுத் திறக்கணும், அதுதான் அங்க சரின்னு பட்டுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் பரீட்சை முடிஞ்சு பசங்க கிளம்பின பிறகு எஸ்டிபியைத் திரும்ப ஆன் பண்ணி எல்லாத்தையும் போட்டு முடிச்சோம். அண்ணன் கொஞ்சம் தயங்கினாரு, நிஜமா வேலை செய்யுமான்னு. சரி பாத்துடலாம்னு ரெண்டாவது லேப்போட அப்லிங்க்கைக் கழட்டி மத்த பிளாக்கைப் பத்திரமா ஒதுக்கி வெச்சுட்டு, அதே நீலக் கேபிளை அவரு கைல குடுத்து அதே ரெண்டு சாக்கெட்ல சொருகச் சொன்னேன். அவரு குனிஞ்சு மேஜைக்கு அடியில போனாரு, க்ளிக்னு முதல் சத்தம், க்ளிக்னு ரெண்டாவது. நான் ரேக் முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தேன். 14-வது லைட் ரெண்டு தடவை மினுக்குச்சு, ஆரஞ்சுக்கு மாறி நின்னுடுச்சு. மத்த லைட் எல்லாம் அதது பாட்டுக்கு மினுக்கிக்கிட்டு இருந்துச்சு. மேஜைக்கு அடியில இருந்தே "என்னப்பா, ஆச்சா?"ன்னு கேட்டாரு.